வேலிக்கு நட்ட கட்டைகள்

இது நடந்தது சில வருடங்களுக்கு முன்பு, ஒரு வாடைக் காலத்தில். கல்முனையிலிருந்து அதிக தூரமில்லாத, கடலை ஒட்டி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு முஸ்லிம் ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் நாளைக்கே யாராவது படலையில் வந்து நின்று, "டீச்சர், அதையெல்லாம் ஏன் எழுதப் போனீங்க?" என்று கேட்பார்கள்.

நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சுற்றாடல் கழகமும் என் பொறுப்பு. அனேகமான பாடசாலைகளில் சுற்றாடல் கழகம் என்றால் ஒரு பதாகை, ஒரு பேச்சு, ஒரு மரக்கன்று, அதிபரோடு ஒரு போட்டோ. மரக்கன்று அடுத்த கிழமையே செத்துப்போகும். போட்டோ மட்டும் சுவரில் பச்சைப் பசேலென்று இருக்கும். கடல் ஊருக்குள் வரத் தொடங்கும் வரைக்கும் எங்கள் கழகமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது கடற்கரை வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கரைவலைத் தோணிகளை வரிசையாக இழுத்து வைத்திருப்பார்கள். அதற்கு மேலேயும் பிள்ளைகள் பந்து விளையாட இடம் இருந்தது. இப்போது தோணியை வீதியில் ஏற்ற வேண்டிய நிலை. ஏன் இப்படி அரிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்கோ கல்லணை போட்டதால் என்பார் ஒருவர். உலகம் அழியும் கியாமத் நாள் கிட்டிவிட்டது என்பார் இன்னொருவர். கடற்கரை மண்ணை அள்ளிக்கொண்டுபோய் வீட்டு வளவு நிரப்பியதையும், கரையிலிருந்த சவுக்கு மரங்களை விறகுக்கு வெட்டியதையும் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எப்படித் திறப்பது? எல்லார் வீட்டு முற்றத்திலும் அந்த மண்தானே கிடக்கிறது.

எனக்கு இதில் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. எனக்கு ஒரு மகள் பிறந்து, சில நாட்கள் மட்டும் இருந்து, மௌத்தாகிப் போனாள். நான் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்ப முடியாமல் கிடந்தேன். என் கணவர்தான் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். எங்கள் ஊரில் பெண்கள் மையத்துகளை அடக்கும் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா வீட்டுப் படலை வரைக்கும்தான் எங்கள் பயணம். அதற்கப்பால் எல்லாம் ஆண்களின் வேலை. எங்கே அடக்கினீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "கடல் பக்கத்து மதிலோரம், சின்னப் புள்ளயள்ற வரிசையில" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஆகவே கரை அரிக்கிறது என்று ஊரெல்லாம் கதைத்தபோது எனக்கு அது பாடப் புத்தகத்தில் வரும் விஷயமாகப் படவில்லை. கடலுக்கும் என் மகளுக்கும் நடுவில் ஒரு மதிலும் கொஞ்சம் மணலும்தான் இருந்தன. அந்த மணலை எப்படியாவது பிடித்து வைக்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டீச்சருக்குப் பைத்தியம் என்பார்கள்.

கழகத்துப் பிள்ளைகளையும் அவர்களின் உம்மாமாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தோம். பாதிப் பேர் கடற்றொழில் குடும்பத்துப் பெண்கள். சனிக்கிழமைகளில் கரைக்குப் போய் பிளாஸ்டிக் போத்தல், குழந்தைகளின் பம்பர்ஸ், அறுந்த நைலோன் தங்கூசி வலைத் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்குவோம். வலைத் துண்டில் சிக்கிச் செத்த ஆமை ஒன்றைக் காட்டி நான் பாடம் நடத்துவேன். பிறகு மணலைப் பிடித்து வைக்கும் அடம்பன் கொடி நடுவோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை எங்கள் அதிபர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். ஒற்றுமையைப் பற்றி அவர் சொன்னதை நாங்கள் மணலில் செய்து பார்த்தோம், அவ்வளவுதான். கொடிக்குப் பின்னால் பூவரசங் கன்றுகளும் வைத்தோம்.

தொடங்குவதற்கு முன் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். நிர்வாகத்தில் இருந்த மரைக்காயர் ஒருவர் எங்களோடு கரை வரைக்கும் வந்தார். தங்கமான மனிதர்தான். "நல்ல வேல டீச்சர், செய்ங்க. ஆனா பொம்புளப் புள்ளயளக் கூட்டிக்கிட்டு மையவாடி மதிலடிக்கு மட்டும் போயிரப்படா. நாலு பேர் நாலு மாதிரிக் கதைப்பாங்க" என்று சொல்லி, மதிலுக்கு வெகு தூரம் வடக்கே இருந்த மீனவர் தங்கும் ஒரு பழைய வாடியைக் கைகாட்டினார். அதற்கு இந்தப் பக்கம்தான் எங்கள் எல்லை. எனக்கு நட வேண்டியிருந்தது மதிலடியில். ஆனால் வாதாடப் போய் உள்ளதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாமென்று தலையாட்டினேன். எங்கு நட்டாலும் மண் கொஞ்சமாவது நிற்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கொடி பிடித்தது. பூவரசுதான் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்ன, பிடிக்க விடவில்லை. ஊர் ஆடு மாடுகளுக்கு நாங்கள் சாப்பாடு பரிமாறியது போலாகிவிட்டது. ஒரு கிழமை நடுவோம், அடுத்த கிழமை குச்சி மட்டும் நிற்கும். வேலி போடாமல் இது சரிவராது என்று எல்லாருக்கும் விளங்கியது. வேலிக்குக் கட்டை எங்கே போவது?

அந்த நேரம்தான் மழை பிடித்தது. வாடைக் காலத்து மழை உங்களுக்குத் தெரியும். வயல், வீதி, வீடு எல்லாம் ஒரே தண்ணீர். பாடசாலையை மூடிவிட்டார்கள். கடல் இரைகிற சத்தம் வீட்டுக்குள் படுத்திருந்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடலுக்கு யாரும் போகவில்லை. மழை விட்டு வெயில் எறித்த முதல் சனிக்கிழமை, கன்றுகள் என்ன பாடோ என்று நாங்கள் கரைக்கு ஓடினோம்.

கரை முழுக்கக் குப்பை. அதற்குள் கட்டைகள் ஒதுங்கிக் கிடந்தன. முழங்கை நீளம், கை அகலம், ஒரு முனை கூராகச் சீவியவை. உப்புத் தண்ணீரில் ஊறி நரைத்துப்போயிருந்தன. சிலவற்றில் வெள்ளை பெயிண்டின் மிச்சம் இருந்தது. எங்கோ தச்சுப் பட்டறை ஒன்றை வெள்ளம் அள்ளிவிட்டது போலும் என்று நான் நினைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இரண்டு கட்டைகளைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், வேலிக்கு அல்லாஹ்வே கட்ட சீவி அனுப்பியிருக்கான்!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நான் அதோடு விடவில்லை. ஒரு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பாடமும் நடத்தினேன். கடல் நீரோட்டம் ஒரு பொருளை எங்கே எடுத்து எங்கே கொண்டுவந்து போடும், மண்ணையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போகும் என்று விளக்கமாகச் சொன்னேன். கையிலிருந்த கட்டை எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. விஞ்ஞான டீச்சர்!

அன்று பகல் முழுக்க வேலை நடந்தது. பிள்ளைகள் பொறுக்கினார்கள், உம்மாமார் கல்லால் அடித்து இறுக்கினார்கள், அறுந்த வலைத் துண்டுகளைக் கயிறாக்கிக் கட்டையோடு கட்டை சேர்த்துக் கட்டினோம். வேலி அழகாக வந்திருந்தது. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து, பாடசாலை வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதிபர் உடனே 'மாஷா அல்லாஹ்' என்று எழுதினார்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து என் கணவர் என்னைக் கூட்டிப் போக மோட்டார் சைக்கிளில் வந்தார். பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறையச் சூடான வாய்ப்பன் வாங்கி வந்திருந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பையைக் கொடுத்துவிட்டு, சிரித்தபடியே வேலியைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இந்தக் கட்டையெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"கரையில ஒதுங்கிக் கிடந்திச்சி. ஏன்?"

அவர் குனிந்து ஒரு கட்டையைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல், என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "இது மீசான் கட்ட."

மீசான் கட்டை என்றால் கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு நடுவது. அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். கட்டையை ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் குழுவில் ஒருத்திகூடக் கண்டதில்லை. எப்படிக் காண்பது? மையவாடி மதில் ஆள் உயரத்துக்கு மேலே. வீட்டில் மௌத்து நடந்தால் கட்டையைத் தச்சரிடம் சொல்லிச் செய்வதும் ஆண்கள், கொண்டுபோவதும் ஆண்கள். நான் முதன்முதலாக மீசான் கட்டையைப் பார்த்தது அதை என் கையாலேயே பூவரசங் கன்றுக்கு வேலியாக அடித்து இறுக்கிய பிறகுதான்.

"நம்மட புள்ளைக்கு வெச்சதும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஓம்."

நான் ஓடினேன். பழைய வாடியைத் தாண்டி, போகக் கூடாது என்று சொன்ன இடமெல்லாம் தாண்டி ஓடினேன். பின்னால் அவர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் குழுவில் எல்லாரும் ராத்தா என்று கூப்பிடும் மூத்த பெண் ஒருவரும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மீன் வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. வேலிக் கட்டைகளை அன்று அதிகமாக அடித்தவரும் அவர்தான்.

கடல் பக்கத்து மதில் குப்புற விழுந்து கிடந்தது. அலை அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மண் நேராக வெட்டப்பட்டது போல நின்றது. அந்த வெட்டில் ஒரு கபுறின் மூடுபலகை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது பெரியவர்களின் வரிசை. சின்னப் பிள்ளைகளின் வரிசை எங்கே என்று கேட்டேன். என் கணவர் கையை நீட்டினார். அவர் கை நீட்டிய இடத்தில் தண்ணீர் நின்றது.

மழை நாட்களில் நடந்த ஜனாஸாக்களை வீதிப் பக்கத்து வாசலுக்குக் கிட்டவே அவசரமாக அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். பின் மதில் வரைக்கும் யாரும் போகவில்லை. மதில் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் அழுதேனா என்று ஞாபகமில்லை. ராத்தா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகமிருக்கிறது.

செய்தி பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? ஊரே கரைக்கு வந்துவிட்டது. மையவாடியைப் பார்த்து அழுதவர்கள் பாதி, வேலியைப் பார்த்துக் கொதித்தவர்கள் பாதி. "மையத்துர கட்டைய ஆட்டுக்கு வேலி போட்டிருக்காளுகள்" என்று ஒருவர் கத்தினார். சிரித்துக்கொண்டு கட்டையைத் தூக்கிக் காட்டினாளே, அவள் தன் இரண்டு கையையும் மணலில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். அந்த வருடம்தான் அவளுடைய வாப்பா மௌத்தாகியிருந்தார்.

மரைக்காயரும் வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, "என்ன டீச்சர், ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நின்று நான் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"ஆரிட்டக் கேக்கிற? மதிலடிக்குப் போகப்படா எண்டு நீங்கதானே சொன்னீங்க. எங்கள அங்க விட்டிருந்தா மதில் சரியக்குள்ளயே கண்டிருப்பம். கண்டிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பம்."

நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சரியாகச் சொன்னதால் எனக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.

கட்டைகளைப் பிடுங்கச் சொன்னார்கள். ராத்தாதான் குறுக்கே நின்றார். கடல் பொங்கி வந்த அந்தச் சுனாமி வருடம் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போனவர்கள். எங்கே அடக்கினார்கள், அடக்கினார்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அதை அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை. அன்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"என்ட ரெண்டு புள்ளைக்கும் கட்டையும் இல்ல, கபுறும் இல்ல. கட்டை போனா போகட்டும். இனி இருக்கிற மையத்துகளாவது கிடக்கோணும். இந்தக் கண்டுகள உட்டா நாளைக்கி அடுத்த வரிசையும் போயிரும். வேலி நிக்கட்டும்."

அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது என்பதும் எனக்கு விளங்கியது. தன் உம்மாவின் தலைமாட்டில் நட்ட கட்டை வேலியில் நிற்பதை யார் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்? நாங்களே பிடுங்கினோம். அடிக்கும்போது லேசாக இருந்தது. பிடுங்கும்போது ஒவ்வொன்றும் கையை எரித்தது. என் கணவர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வாங்கி வாங்கி அடுக்கினார். அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு கட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கடைசிக் கட்டையையும் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அழாத மனிதர், அந்தத் துணியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

வெளியே தெரிந்த கபுறுகளை ஆண்கள் மரியாதையோடு மையவாடியின் மேற்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். கட்டைகளையும் அங்கேயே ஒரு மூலையில் சேர்த்துப் புதைத்தார்கள். எந்தக் கட்டை யாருடையது என்று சொல்ல யாராலும் ஏலவில்லை. சின்னப் பிள்ளைகளின் வரிசையில் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பூவரசங் கன்றுகளை ஆடுகள் தின்று முடித்தன. கழகத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள் என்று அதிபர் சொன்னார். போட்டோவை நான் அழித்துவிட்டேன். பல உம்மாமார் அதற்குப் பிறகு வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. அடுத்த வாடைக்குக் கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. அதற்கடுத்த வருடம் மரைக்காயரே வீட்டுக்கு வந்து, மதிலடியில் நடலாமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ராத்தாவும் இன்னும் சில பேரும் போனோம். இப்போது விழுந்த மதிலுக்கு உள்ளேயே அடம்பன் கொடி பரப்புகிறோம். பெண்கள் உள்ளே நிற்பதைப் பற்றி யாரும் எதுவும் கதைப்பதில்லை. கொடி பிடித்த இடத்தில் மண் கொஞ்சம் நிற்கிறது, பிடிக்காத இடத்தில் போகிறது. முழுதாகக் காப்பாற்றிவிடுவோம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பொய் சொல்ல எனக்கு வராது.

ஆண்கள் மையவாடிக்குள் நுழையும்போது கபுறாளிகளுக்கு ஸலாம் சொல்வார்கள். நான் கரைக்குப் போனால் கடலைப் பார்த்து நின்று, வாய்க்குள்ளேயே அந்த ஸலாமைச் சொல்கிறேன். போன கிழமை ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கோழிக் கழிவுப் பை ஒன்றை அலைக்குள் வீசினார். நான் போட்ட சத்தத்தில் மனிதர் ஆடிப்போய், "இது ஆர்ர வளவு டீச்சர், கடல்தானே?" என்று கேட்டார். ஓம், கடல்தான். என் மகளை அடக்கியிருக்கும் இடமும் அதுதான் என்று அவருக்குச் சொல்லாமல், நானே இறங்கி அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.